அசுபாளும் மீன் வாசல் பிரசங்கமும்

எருசலேமில் மீன் வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பும் சந்தில் நான் வாசனை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை அசுபாளுடையது. அவள் நகை செய்கிறவள். அவளுடைய கரிப்புகை என் வெள்ளைப்போள எண்ணெயில் ஏறிவிடுகிறது என்று நான் சண்டை பிடிப்பேன். என் எண்ணெய் வாடையில் தனக்குத் தலை வலிக்கிறது என்று அவள் சண்டை பிடிப்பாள். மத்தியானம் ஆனதும் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்துப் பருப்பில் ரொட்டியைத் தொட்டுத் தின்போம்.

உண்மையில் அது அவள் புருஷனின் கடை. பொன் வாங்க எகிப்துக்குப் போன வியாபாரிகளோடு அவனும் போனான். வியாபாரிகள் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். முதலை விழுங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அசுபாள் முதலையைத்தான் நம்பினாள்.

“அந்த முதலைக்கு இந்நேரம் வயிறு என்ன பாடு பட்டிருக்குமோ” என்று சொல்லிவிட்டு, அவன் விட்டுப்போன ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்தாள். பொம்பளை ஊதினால் பொன் உருகாது என்று அவன் அண்ணன்மார் வந்து கத்தினார்கள். அவர்கள் கத்தி முடிப்பதற்குள் உருகிவிட்டது.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது செம்பு நகை. உள்ளே செம்பு, மேலே தோல் மாதிரி மெல்லிய பொன்தகடு. ராணி வீட்டு நகையோடு வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாங்குகிறவர்களிடம் ஒளிக்கவே மாட்டாள். “இது செம்புடி. மழையில நனைக்காத, மாமியார்கிட்ட காட்டாத” என்று சொல்லித்தான் கொடுப்பாள். கூலிக்காரிகள் அவளைக் கும்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் நகை என்பது வெறும் அலங்காரமில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் மூக்கில் மூக்குத்தி ஏற்றிவிட்டால் அது வாக்கு. நாளைக்குப் புருஷன் தள்ளிவைத்தால் வீடும் ஆடும் அவனுக்கு. அவள் உடம்பில் இருப்பது மட்டும் அவளோடு போகும். அதனால்தான் எங்கள் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போதுகூட எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போவார்கள். “பெட்டியில வெச்சா அவனுது, கழுத்துல கெடந்தா உன்னுது” என்று ஒவ்வொரு மணப்பெண்ணிடமும் அசுபாள் சொல்லி அனுப்புவாள். அவள் மட்டும் ஒரு குண்டுமணி அளவுகூட அணிந்ததில்லை. நான் கேட்டதற்கு, “உலை முன்னாடி உக்காந்தா சுடுதுடா சாபூத்து” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மிக்னேயா பேச ஆரம்பித்தார். கடவுளின் வாக்கு தனக்கு நேரடியாக வருகிறது என்று சொல்லிக்கொண்ட பெரியவர். சந்தை நாளில் வாசல் பக்கத்துக் கல்லின்மேல் ஏறி நிற்பார். முதலில் கள்ளத் தராசைப் பற்றியும், ஏழைகளின் நிலத்தைப் பிடுங்குகிறவர்களைப் பற்றியும் பேசினார். நல்ல பேச்சுத்தான். கேட்க ஆள் நிற்கவில்லை. ஒரு கழுதை நின்றது, அதையும் அதன் சொந்தக்காரன் இழுத்துக்கொண்டு போனான்.

ஒருநாள் அவர் பெண்களின் நகையைப் பிடித்துக்கொண்டார். உச்சந்தலையில் ஆரம்பித்துக் கால்விரல் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் திட்டினார். ஊரே நின்றது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

மறுநாள் காலையில் அசுபாள் கடை முன்னால் கூட்டம்.

“அக்கா, அந்தப் பெரியவர் சொன்னாரே, நெத்தியில தொங்குற பிறை, அது எப்படி இருக்கும்?”

“பாவமான நகை அதுதானாம். எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு.”

அசுபாள் அன்று மாலையே மிக்னேயா வீட்டுக்கு அத்திப்பழ அடை கொடுத்தனுப்பினாள். அதற்கு மறுநாள் அவரே கோபமாகக் கடைக்கு வந்துவிட்டார்.

“உன் அடையை நாய்க்குப் போட்டேன்” என்றார்.

“நாய் என்ன சொல்லுச்சுங்க ஐயா?”

அவர் உலையையும் குறடுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “அந்தப் பக்கம் ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டுப் போனாங்க. நான் சொல்றதெல்லாம் அவங்க அம்மா காலத்து நகையாம். இப்பல்லாம் என்னதான் போடுறாங்க?”

அசுபாள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பாள். “ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. முழங்கைச் சலங்கைன்னு ஒண்ணு வந்திருக்கு. கையை மடக்குனா போதும், தெருக்கோடி வரைக்கும் கேக்கும். மாவு பிசையும்போதுகூடக் கழட்டுறதில்லை.”

“முழங்கையிலயா?” என்றார் அவர். நிஜமாகவே பதறிப்போனார். மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பேரையே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சந்தை நாளில் முழங்கைச் சலங்கை கட்டித் திரிகிற பெண்கள்மேல் இடி விழும் என்று அவர் முழங்கினார். பெண்கள் ஒருத்தி முழங்கையை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. அப்படி ஒரு நகை உலகத்தில் இல்லை. அசுபாள் கையை நீட்டியும் மடக்கியும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன் சாபூத்து. மடக்குனா சதையில குத்துது. எப்படித்தான் பண்றது?”

எப்படியோ பண்ணினாள். அதற்குப் பிறகு காதுமடல் ஏணி வந்தது, பின்னலில் தொங்கும் மாதுளை வந்தது. அவள் சொல்ல, அவர் திட்ட, ஊர் வாங்கியது. கூட்டம் தன் பேச்சுக்குத்தான் கூடுகிறது என்று மிக்னேயாவுக்கு ஒரே பூரிப்பு. அது பொய்யுமில்லை.

வாற்கோதுமை அறுப்பு முடிந்த சமயம் அவர் மகள் ஓக்லாளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை, திராட்சைத் தோட்டக்காரி மில்காளின் மகன். புருஷன் செத்த பிறகு தோட்டம், ஆலை, மகன் மூன்றையும் ஒரே அதட்டலில் நடத்திவந்தவள் மில்காள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஓக்லாளின் மூக்கில் மூக்குத்தி ஏற்றினாள். நகையைத் திட்டுகிற மிக்னேயா அதை வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கு வேறு, நகை வேறு என்று மனதில் வைத்திருந்தாரோ என்னவோ.

சில வாரம் கழித்து, வெயிலுக்குப் பயந்து சந்தே காலியாக இருந்த ஒரு மத்தியானத்தில் அவர் வந்தார். நானும் அசுபாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அந்த மூக்குத்தி.

“பொண்ணு மூக்கு பச்சையா இருக்கு. புண்ணு வேற. இதை உரசிப் பாத்துச் சொல்லு.”

அசுபாள் உரைகல்லை எடுக்கவில்லை. “உரச வேண்டாம் ஐயா. இது என் கைவேலை.”

“பொன்னா?”

“மேல பொன்னு.”

“மில்காள்தான் வாங்கிட்டுப் போனா” என்றாள் அசுபாள். “வேலைக்காரிக்குன்னு சொன்னா. நானும் சரின்னு குடுத்துட்டேன்.”

மிக்னேயா கரித்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அசுபாளுக்கு வாய் சும்மா இருக்காது. “பொன்னும் தூசி, செம்பும் தூசின்னு நீங்கதான சொன்னீங்க. தூசியில எந்தத் தூசியா இருந்தா என்ன?”

“அது ஊருக்குச் சொன்னது. இது என் பொண்ணு.”

அவள் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் சாப்பிடவில்லை. பெரியவர்களிடம் போனால் கல்யாணம் நின்றுவிடும், நின்றால் பழி பெண் தலையில்தான் விழும், அதோடு அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்தும் இருக்கிறது என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார். அப்புறம் கேட்டார். “இதே மாதிரி முழுப் பொன்னுல ஒண்ணு பண்ணித் தர்றியா? என் ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு வர்றேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“நீங்க குடுத்தா அது உங்க வாக்கு ஐயா. அவங்க குடுத்த மாதிரி ஆகாது” என்றாள் அசுபாள். மூக்குத்தியை முடிந்துகொண்டு எழுந்தாள். “சாபூத்து, நீயும் வா. எதுவும் பேசாத. மூஞ்சியை மட்டும் கொஞ்சம் கடுமையா வெச்சுக்க.”

மில்காள் முற்றத்தில் திராட்சை காயவைத்துக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“மாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று அசுபாள் தேன் மாதிரி ஆரம்பித்தாள். “உங்க வேலைக்காரிக்குப் பண்ணிக் குடுத்த மூக்குத்தி எப்படியோ சீர்த் தட்டுல கலந்துடுச்சு. நெஜமானது வீட்டுக்குள்ள எங்கயாவது கெடக்கும். தேடிப் பாருங்க.”

“எதுவும் கலக்கல. அந்தப் பொண்ணு மூக்கே அப்படி. அவ அப்பன் வாய் ஊருக்கே தெரியும், மூக்கு மட்டும் ஒழுங்கா இருக்குமா?”

“அதுவும் சரிதான் மாமி. அந்த வாய் இருக்கே, அதுக்கு வாரா வாரம் என்ன பேசுறதுன்னு நான்தான் சொல்லிக் குடுக்குறேன். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, நம்ம வீடாச்சேன்னு சொல்றேன். முழங்கைச் சலங்கை என்னுது. இந்த வாரம் என்ன பேசட்டும்னு கேட்டிருக்காரு. நான் இன்னும் சொல்லல.”

மில்காளின் கை தானாகவே மூக்குக்குப் போனது. அப்புறம் தன் மூக்கிலிருந்த கனத்த மூக்குத்தியைத் திருகிக் கழற்றி அசுபாளிடம் நீட்டினாள். அவள் கல்யாணத்தன்று ஏறியது. கழற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில்தானா என்று எனக்குத் தெரியாது.

“மூக்கு மொட்டையா நின்னா நாலு பேரு கேப்பாங்களே” என்றாள், கொஞ்சம் இறங்கின குரலில்.

“அதுக்கென்ன மாமி, இந்தாங்க. உங்க காசுல வாங்குனதுதானே.” அசுபாள் செம்பு மூக்குத்தியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். “தெனமும் எண்ணெய் தடவுங்க, பச்சை ஏறாது. எண்ணெய் இவன்கிட்ட வாங்கிக்கங்க. நல்ல எண்ணெய்தான், நாத்தம்தான் தாங்காது.”

என்னை எதற்குக் கூட்டிவந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மில்காள் சாகும்வரை என்னிடம்தான் வாங்கினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மிக்னேயா மட்டும் நகையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். மறுபடியும் தராசு, மறுபடியும் நிலம். கூட்டம் கரைந்தது, அசுபாளின் வியாபாரமும் படுத்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அந்தக் கல்லடிக்குப் போய் நின்றாள்.

“ஐயா, நடுவுல ஒருநாள் கொலுசை மட்டுமாவது திட்டுங்களேன்.”

அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அடுத்த சந்தையில் கொலுசைத் திட்டினார். உப்புச்சப்பே இல்லை. இருந்தாலும் விற்றது.

கரிப்புகை கடைசியில் அசுபாளின் நெஞ்சில் ஏறியது. ஒரு மழைக்காலம் முழுக்க இருமினாள். மருந்தென்று நான் கொண்டுபோன எண்ணெயை முகர்ந்துவிட்டு, “இதுக்கு இருமலே தேவலாம்” என்றாள். அந்த மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

துக்க வீட்டுக்கு நகையோடு வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பெண்கள் அவள் வாசலிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி, அங்கே இருந்த ஒரு பெரிய கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். நகைக்காரியைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருவில் ஒரு பெண் காதிலும் கையிலும் பொட்டுப் பொன்கூட மின்னவில்லை. மிக்னேயா எங்கள் துக்க வழக்கப்படி தன் ஒரே மேலங்கியைக் கிழித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

துக்க நாள் முடிந்ததும் கூடையை நடுவில் கவிழ்த்தார்கள். எல்லாம் ஒரே கைவேலை, எல்லாம் ஒரே பளபளப்பு. எது யாருடையது, எது செம்பு, எது பொன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அழுது சிவந்த கண்களோடு அவர்கள் போட்ட சண்டை மீன் வாசல் காவலர்களுக்குக் கேட்டு, அவர்கள் ஓடிவந்தார்கள்.

என் மனைவி ஒரு கால் கொலுசு பெரியதும் ஒரு கால் கொலுசு சிறியதுமாக வீட்டுக்கு வந்தாள். போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.

“நீங்க சும்மா இருங்க. பெருசு கனமா இருக்கு, ஒருவேளை பொன்னா இருந்தா?” என்றாள்.