நான் எடுத்துவிட்ட பத்து நொடி

ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸுக்குக் கீழே லேத் பட்டறை. இரும்பு சீவும் சத்தம் மாடிவரை வரும். மெஷின் ஆயில் வாசனை சட்டையோடு வீட்டுக்கே வந்துவிடும்...

நாங்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரி ரத்த வங்கிகளுக்காக ஒரு வெப்சைட் நடத்தினோம். ரத்த வகையைப் போட்டால், பக்கத்தில் யார் கொடுப்பார்கள் என்று பெயரும் நம்பரும் வரும். அந்தப் பட்டியல் வேறொரு கம்பெனியின் சர்வரில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அது அடிக்கடி பதில் சொல்லாமல் படுத்துக்கொள்ளும். அதனால் பத்து நொடி டைம்அவுட் வைத்திருந்தேன். அதற்குள் பதில் வராவிட்டால், "பட்டியல் கிடைக்கவில்லை, போனில் முயலுங்கள்" என்று சிவப்பில் எரர் வரும்.

முதலாளி ரவிக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே ஆகாது.

"இன்னா மச்சி, எப்பப் பாரு எரர் காட்டிக்கினு கீது? கஸ்டமர் ஓடிடுவான். அத்த தூக்கு."

தூக்கினேன். பத்து இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன். அந்தப் புரோகிராமில் பூஜ்யம் என்றால், எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று அர்த்தம். தெரிந்தேதான் போட்டேன்... அவரிடம் மல்லுக்கட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

ஒரு வாரம் எரரே இல்லை. ரவி எங்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அந்தப் பட்டியல் சர்வர் அப்படியே உறைந்துவிட்டது. ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை பார்த்த ரெஜினா மேடம் அப்போதுதான் ஓ நெகட்டிவ் தேடியிருக்கிறார். பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு. திரையில் "தேடுகிறோம், காத்திருங்கள்" என்றே இருந்தது. அவரும் காத்திருந்தார்.

முப்பத்தைந்து நிமிஷம்.

அந்தப் பெண் பிழைக்கவில்லை.

மறுநாள் மேடம் போன் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கெடைக்கலன்னு ஒரு வார்த்த வந்திருந்தா, அப்பவே டோனர் நோட்ட எடுத்துப் போன் போட்டிருப்பேன் தம்பி. இப்ப வரும் இப்ப வரும்னு ஒக்காந்துகினு இருந்துட்டேன்..."

ரத்தம் சீக்கிரம் வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இப்போது எனக்கு வேறு கம்பெனி, அடையாறில் பெரிய ஆபீஸ். ஏசி, கண்ணாடிக் கதவு, கேன்டீன். டைம்அவுட் இல்லாமல் புரோகிராம் எழுதினால், சோதிக்கிற மெஷினே அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அன்றைக்கு மூன்று பேரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட நெருக்கம் இங்கே கிடையாது. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது... ஆனால் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் அங்கே நிற்க முடிவதில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது என்று மேடம் சொன்னார். இந்நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

ஆணா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை.