நீலமாய் நின்ற குழாய்

என் அத்தையை எனக்குப் பிடிக்காது. அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் பிடிக்கவில்லை. அப்பாவின் அக்கா, திருமங்கலத்துப் பருத்தி வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவள். யாரைக் கண்டாலும் முதலில் கன்னத்தைத்தான் பார்ப்பாள். உப்பியிருந்தால் ஆரோக்கியம், ஒட்டியிருந்தால் சீக்கு. அதற்கு மேல் அவளுக்கு வைத்தியம் தெரியாது.

எனக்குப் பதினான்கு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவளை டாக்டர் இன்சுலின் கொடுத்து எழுப்பினார். அதன்பின் தல்லாகுளத்து வீட்டில் தினம் இரண்டு வேளை அம்மாவே தொடையில் ஊசி போட்டாள். காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் மூத்திரத்தை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. எனக்குப் பெரும்பாலும் மஞ்சள்தான். ஆனாலும் ஒரு வருஷத்தில் கன்னம் உப்பிவிட்டது. கிணற்றில் இருபது வாளி இறைத்தாலும் மூச்சு வாங்காது.

கன்னத்தைப் பார்த்துவிட்டு அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை.

“அந்தக் குழாயை என் கண்ணு முன்னால காச்சிக் காட்டு. நீலமா நின்னா இன்னைக்கே பூ வச்சுட்டுப் போறேன்.”

அம்மா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். அதில் இருந்தது என் தங்கச்சியின் மூத்திரம். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சீக்குக்காரி என்ற பெயர் போனால் போதும் என்றிருந்தது. அந்த வெட்கக்கேட்டில் எனக்கும் பங்கு உண்டு.

குழாய் நீலமாகவே நின்றது. அத்தை என் தலையில் மல்லிகையை வைத்து, வாயில் ஒரு பிடி சீனியைப் போட்டாள். கூட வந்த இரண்டு பெண்களும் போட்டார்கள். வழக்கமாம். துப்பவா முடியும்? விழுங்கினேன்.

“இம்புட்டு நல்லாருக்குற பிள்ளைக்கு எதுக்கு ஊசி? வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வாரோம். இனிமே ஊசி கீசின்னு என் காதுல விழக்கூடாது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். அன்று புதன்கிழமை.

சாயந்திரம் அம்மா ஊசியை எடுக்கவில்லை. கேட்டேன்.

“அதான் நீலமா வந்துருச்சே.”

“அம்மா, அது தங்கச்சியோடது!”

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “உனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். கண்ணாடியில போயி உன் கன்னத்தைப் பாரு.”

கிண்ணத்தை மாற்றியது அவள். குழாயில் நின்ற நீலத்தை நம்பியதும் அவளேதான்! ஊசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பாவிடம் முறையிட்டேன். அவர் கோர்ட்டு குமாஸ்தா. அடுத்தவர் பொய்யை எழுதியே பழகிய மனுஷன். “அக்கா வந்துட்டுப் போகட்டும், ரெண்டு நாள் பொறுத்துக்க” என்றார்.

வியாழக்கிழமை ஒரு குடம் தண்ணீரும் எனக்குப் போதவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வாந்தி எடுத்தேன். கல்யாணப் படபடப்பு என்றாள் அம்மா. இவர்கள் யாரும் என்னைக் காப்பாற்றப் போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அத்தை வெற்றிலை, தேங்காய், பழத்தட்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஸ்பிரிட் விளக்கைக் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்துக் குழாயைக் காய்ச்சினேன். குழாயில் இந்தத் தடவை இருந்தது என்னுடையது. அம்மா பிடுங்க வந்தாள், கையைத் தட்டிவிட்டேன். பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. குழாயை அப்படியே வெற்றிலைமேல் வைத்தேன்.

“அன்னைக்கு நீங்க பாத்தது தங்கச்சியோடது அத்தை. என்னோடது இதுதான்.”

“ஏமாத்துக்காரக் குடும்பம்!” என்று கத்திக்கொண்டே அத்தை எழுந்து போனாள். தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா என் உப்பிய கன்னத்திலேயே ஓங்கி அறைந்தாள். அறைந்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். ஊசி வெந்நீரில் கொதித்து முடியும்வரை என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “காலைக் காட்டுடி” என்றாள்.