ராமக்காளின் ஐந்து ஓட்டைகள்

மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் ராமக்காள் கத்திரிக்காய் தரம் பிரிக்க வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: காயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே புழு, தூக்கி எறி. அப்படிப்பட்டவளிடம் போய் ஓசூர் டாக்டர் பிரியதர்ஷினி, வயிற்றில் ஐந்து ஓட்டை போடலாம் என்றால் சும்மா இருப்பாளா?

ஈரலின் இடது ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கட்டியோடு அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும். வயிற்றைத் திறந்தும் எடுக்கலாம், துளை போட்டு கேமரா விட்டும் எடுக்கலாம் என்றார் டாக்டர்.

"தொறந்தே பண்ணிடுங்க. காயைப் பொளந்து பாத்தாத்தான் சொத்தை எங்கிருக்குதுன்னு தெரியும். ஓட்டை வழியா பாத்தா பாதியை உள்ளயே வுட்டுடுவீங்க."

பக்கத்தில் இருந்த மகள் அன்பரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரும் சிரித்தார். "கேமராவுல பெருசாவே தெரியும்மா. ரெண்டு வழியிலயும் எடுக்கிறது ஒரே துண்டுதான். தொறந்தா தையல் பெருசு, வெயிட் தூக்க மூணு மாசம் ஆகும். துளைன்னா சீக்கிரம் தேறிடுவீங்க. ஆனா நடுவுல ரத்தம் அதிகமாப் போனா தொறந்துதான் ஆகணும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மூன்று மாதம் என்றதும் ராமக்காள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அன்பரசிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் தலைப்பிரசவம். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட இவளை விட்டால் வேறு ஆள் யார்? இருந்தாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை.

"அத்தாம்பெரிய துண்டு இத்தினூண்டு ஓட்டையில எப்படிங்க வெளிய வரும்?"

"பையில போட்டு, உங்க பழைய சிசேரியன் தழும்பு இருக்கே, அங்க ஒரு கீறல் போட்டு எடுத்துடுவோம்."

ராமக்காள் மகளை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப அப்படியே பண்ணுங்க" என்றாள்.

ஆபரேஷனில் வயிற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. கட்டியைச் சோதித்த முடிவும் நல்லபடியாக வந்தது.

பேத்தி பிறந்தாள். காலில் கிடந்த பிள்ளைமேல் ராமக்காள் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது அன்பரசி சீண்டினாள்.

"ஏம்மா, அஞ்சு ஓட்டை வுழுந்த காயி இப்ப எந்தக் கூடைக்குப் போகும்?"

"மொதல் தரந்தான்டி. புழுதான் வெளிய போயிடுச்சில்ல? அதுவும் நீ வந்த வழியாவே."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, பிள்ளை வீலென்று கத்தியதில் அதை யாரும் கவனிக்கவில்லை.