கண்ணால் பார்க்காமல் ஸ்டார் கிடையாது

அந்தப் பெயிண்ட் மொத்தக்கடையில் அவளுக்கு ஆச்சரியக்குறி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வருடமாக அங்கே கணக்கு எழுதுகிறாள். முதல் எட்டு வருடம் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் எழுதினாள். ஒரு நாள் அதை விற்ற கம்பெனி, புதுசுக்குப் பணம் கட்டு, இல்லாவிட்டால் பழைய கணக்கைத் திறக்க விடமாட்டோம் என்றது. நம் கணக்கை நாம் பார்க்க அடுத்தவனுக்கு வாடகையா? அன்றைக்கே அதைத் தலைமுழுகினாள். அதற்குப் பிறகு எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புதான். தேதி, யார் கொடுத்தது, எந்தக் கணக்குக்குப் போனது, எவ்வளவு. கடிதம் அடிக்கிற மாதிரி அடித்தால் போதும். எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். கூட்டிக் கழித்துக் காட்ட ஒரு குட்டி புரோகிராம், அதுவும் இலவசம்.

தேதிக்குப் பக்கத்தில் ஒரு குறி வரும். பணம் கிளம்பிவிட்டது, பாங்கில் இன்னும் ஏறவில்லை என்றால் ஆச்சரியக்குறி. பாங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியைத் தன் கண்ணால் பார்த்து, விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ஸ்டார். 'முதலாளி சொன்னார்' என்பதற்கு ஸ்டார் கிடையாது. 'நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்' என்பதற்கும் கிடையாது. மாதக் கடைசியில் ஆச்சரியக்குறி போட்ட வரிகளை மட்டும் தனியாக அச்செடுத்து, முதலாளி மேசையில் ஒன்று வைப்பாள், ஆடிட்டருக்கு ஒன்று அனுப்புவாள். "சாதம் வெந்துருச்சுன்னு நான் சொன்னாலும் மூடியைத் திறந்து பாத்தாத்தான் இவ நம்புவா" என்று வீட்டில் கணவர் கிண்டல் செய்வார். ஆமாம், நம்பமாட்டாள். அவர் எத்தனை நாள் அரைவேக்காட்டில் இறக்கியிருக்கிறார் என்பதும் அவளுக்குத்தானே தெரியும்.

முதலாளியின் மகளைக் கட்டியவர் போன வருடம் மேனேஜராக வந்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை, நேரில் சார். அவள் மட்டும் நேரிலேயே தம்பி என்பாள். அவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

வருடக் கணக்கு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்த எண்பத்தாறாயிரம் காணாமல் போனது. லாரி டிரைவர் வெளியூர்க் கடையில் வசூல் செய்த பணம். வழக்கமாகக் கடைக்கே கொண்டுவருவான், இந்தத் தடவை வழியிலேயே பாங்க் மெஷினில் கட்டிவிட்டதாகச் சொன்னான். அவளும் வரியை அடித்து ஆச்சரியக்குறி போட்டாள். நாலு நாள் ஆகியும் ஏறவில்லை. மெஷின் கொடுத்த ரசீதை மாப்பிள்ளை கேட்டார். டிரைவர் அதை லாரியின் முன் கண்ணாடி ஓரமாக வைத்திருந்தான். நாலு நாள் வெயிலில் அதிலிருந்த எழுத்தெல்லாம் ஓடிப்போயிருந்தது.

"வெள்ளைப் பேப்பரை நீட்டி எண்பத்தாறாயிரம்னு சொல்ற. என்னைப் பாத்தா இளிச்சவாயன் மாதிரி இருக்கா?" என்று மாப்பிள்ளை கத்தினார். பதினான்கு வருடம் வண்டி ஓட்டியவன், ஏழு லோடுமேன்கள் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை மூட்டை இறக்கப் போட்டார்கள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல நேற்றைய நகலையும் இன்றைய கோப்பையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்தாள். வெறும் எழுத்தில் இது ஒரு வசதி, யார் எந்த வரியில் கை வைத்தாலும் பல்லிளித்துவிடும். எண்பத்தாறாயிரம் 'டிரைவருக்குக் கொடுத்த முன்பணம்' என்று மாறியிருந்தது. பக்கத்தில் ஸ்டார். அப்படியே விட்டால் மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள், திருடன் என்ற பெயரும் நிலைத்துவிடும். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழைய வரியைத் திரும்பப் போட்டாள், ஆச்சரியக்குறியோடு. அதற்கடுத்த நாள் மறுபடியும் ஸ்டார். மறுபடியும் மாற்றினாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளையே அவள் மேசைக்கு வந்துவிட்டார்.

"மேடம், ஒரே ஒரு ஸ்டார். அதைப் போட உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"போடறது கஷ்டமில்ல தம்பி. என் ஸ்டார்னா நான் பாத்தேன்னு அர்த்தம். நான் எதையும் பாக்கலையே."

"பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறீங்க."

"நான் எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன். நீங்க முயலையே பாக்காம சொல்றீங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை ஆடிட்டருக்குக் கணக்கு போகணும். அதுக்குள்ள அந்த ஆச்சரியக்குறி போகணும், இல்ல நீங்க போகணும். பணம் நிஜமாவே வேற எங்கயாவது இருந்துச்சுன்னா, எல்லார் முன்னாடியும் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். போதுமா?"

அவள் கீபோர்டுப் பக்கம் திரும்பி அடிக்க ஆரம்பித்தாள்.

"என்ன அடிக்கறீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் தம்பி."

அன்றைய தேதி, ஆச்சரியக்குறி, 'மாப்பிள்ளை டிரைவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, பணம் கிடைத்தால், எல்லார் முன்னிலையிலும்.' தொகை பூஜ்யம்.

வீரமாகப் பேசிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போனதும் பாஸ்புக்கை எடுத்து இருப்பு எவ்வளவு என்று பார்த்தாள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். நாற்பத்தெட்டு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் எடுத்திருக்க மாட்டான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"தெரியாது. எடுத்தான்னும் தெரியாது. அதனாலதான் ஆச்சரியக்குறி."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாங்குக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் கடைக் கணக்கைத் தேடிப் பார்த்து, இல்லை என்று கையை விரித்தாள். பிறகு, "மெஷின்ல எந்த நம்பரை அடிச்சாரு?" என்று கேட்டாள். அட, இதை யாரும் டிரைவரிடம் கேட்கவே இல்லையே! அவளும்தான் கேட்கவில்லை. அங்கேயே நின்றபடி டிரைவருக்குப் போன் போட்டாள்.

"நம்பரை எதைப் பாத்து அடிச்சே?"

"வண்டியில ஒட்டியிருக்கே அக்கா, அதைப் பாத்துத்தான்."

உடனே கடைக்குத் திரும்பினாள். லாரி வாசலில்தான் நின்றது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வயதில், டிரைவர் சீட்டில் ஏறினாள். லோடுமேன்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வெயில் தடுப்பின் உள்பக்கம் ஒரு துண்டுச்சீட்டு. அதில் இருந்தது கடையின் பழைய கணக்கு எண். வேறு கிளையில் புதுக் கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகிறது, பழையதை இன்னும் மூடவில்லை. அதில் போக்குவரத்தே இல்லை என்று அவளும் ஆறு மாதமாக அதைத் திறந்து பார்க்கவில்லை. அதற்காகத் தன்னையே ஒரு திட்டு திட்டிக்கொண்டாள். சீட்டில் இருந்த கையெழுத்து மாப்பிள்ளையுடையது.

பாங்கில் பழைய கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கினாள். ஒரே ஒரு வரி. அந்தத் தேதி, எண்பத்தாறாயிரம். விரலை வைத்து இரண்டு முறை பார்த்தாள். கடைக்கு வந்து, வரியைப் பழைய கணக்குக்கு மாற்றி, ஸ்டார் போட்டாள். ஸ்டேட்மென்ட்டையும் துண்டுச்சீட்டையும் ஒன்றாகப் பின் அடித்து முதலாளி மேசையில் வைத்தாள். டிரைவருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. மாப்பிள்ளை, "சரி, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நல்லதாப் போச்சாம்! அவமானப்பட்டவன் அவன், நல்லது இவருக்கா?

வெள்ளிக்கிழமை கணக்கு ஆடிட்டருக்குப் போனது. கூடவே ஆச்சரியக்குறிப் பட்டியலும் போனது. அதில் ஒரே ஒரு வரி. முதலாளி அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வீட்டு மாப்பிள்ளை. அதை எடுத்துடேன்."

"நடக்காததை நடந்ததா எழுத மாட்டேங்க. அவர் சொன்னதை அழிக்கவும் மாட்டேன். வேணும்னா என்னை எடுத்துடுங்க."

முதலாளி அவளையும் எடுக்கவில்லை, வரியையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆடிட்டர் மாப்பிள்ளைக்கே போன் செய்தார். கணக்கெல்லாம் சுத்தம், இந்த ஒரு பாக்கி எப்போது வசூலாகும் என்று கேட்டுச் சிரித்தாராம். மாப்பிள்ளை போனை வைத்த சத்தம் குடோன் வரைக்கும் கேட்டது.

பத்து நிமிடம் கழித்து அவள் மேசைக்கு வந்தார். "போன்ல சொல்லிட்டேன். பரவாயில்ல சார்னு சொல்லிட்டான். ஸ்டார் போடுங்க."

"நான் பாக்கலையே தம்பி. எல்லார் முன்னாடியும்னு வேற இருக்கு."

அவர் அவளை முறைத்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்து லாரி நின்ற வாசலை நோக்கி முன்னால் நடந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் வந்தார். ஏழு லோடுமேன்களும் நின்றார்கள். டிரைவர் வண்டியை விட்டு இறங்கினான்.

"அன்னைக்கு உன்னைத் திருடன் மாதிரிப் பேசிட்டேன். நம்பரைத் தப்பா எழுதி ஒட்டினது நான்தான். மன்னிச்சுடு" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்து.

"பரவாயில்ல சா..." என்று டிரைவர் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா" என்றாள் அவள். "தம்பி, அவன் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். இந்தத் தடவை டிரைவரைப் பார்த்துச் சொன்னார். டிரைவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினாலு வருஷம் சார்" என்று மட்டும் சொன்னான்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்து, அந்த வரிக்கு ஸ்டார் போட்டாள்.