யாரும் கேட்காத அனுபல்லவி

பாடம் தொடங்கும் முன் ஆர்மோனிய வாத்தியார் குப்புசாமி கேட்பது ஒரே கேள்வி.

"பாட்டு உங்களுக்கு எதுக்குங்க?"

பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தப் பதிலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பாடம். செம்மேட்டில் இருபத்தாறு வருஷம் இப்படித்தான் நடந்தது. பாட்டும் ஒன்றுதான். அறப்பளீசுவரர் மேல் அவரே கட்டியது. பல்லவி, அனுபல்லவி, சரணம்.

மிளகுத் தோட்டத்துச் சென்னம்மாள் வந்தாள். "பஜனையில மொத அடியை எப்பவும் எங்க நங்கையாதானுங்க எடுக்குது. ஒருக்கா நான் எடுக்கோணும். அப்புறம் கூட்டம் பாடிக்கும்."

அவளுக்குப் பல்லவி மட்டும்.

யுவராஜுக்குப் போனில் போட அரை நிமிஷ வீடியோ வேண்டும். அவனுக்கு விறுவிறுவென்று முடியும் சரணம் மட்டும், கீபோர்டில்.

ஊர்ப் பெரிய மனிதர் ராஜதுரைக்குப் பாடவே வேண்டாம். கோயில் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டின் பாதியில் கைதட்டி மானம் போனவர் அவர்.

"தலையாட்டோணுங்க வாத்தியாரே. தப்பாம ஆட்டோணும்."

மூன்று மாதம் தலையாட்டப் படித்தார். தொடையில் விரல் எண்ணும், தாளம் வந்து சேரும் இடத்தில் மட்டும் தலை இறங்கும். பாட்டை முழுசாகப் படித்த ஒரே மாணவர் அவர்தான், கழுத்தால்.

வாத்தியாரின் மகள் தேன்மொழிக்கு இது பொறுக்கவில்லை. சேலத்தில் மின்பொறியாளர். பாதி சர்க்யூட்டை யாரும் கட்டிக் கொடுப்பதில்லை என்பது அவள் கட்சி.

"ஒரு பாடத்திட்டம் வேண்டாமாப்பா?"

"முழுப் பாட்டு வேணும்னு எவனாச்சும் கேட்டானா கண்ணு?"

"அப்ப அனுபல்லவி யாருக்கு?"

"கேக்கறவங்களுக்கு."

அவளைப் பத்து வயதில் கேட்டிருக்கிறார். நோட்டின் பழைய பக்கம் ஒன்றில் அவள் பதில் இருக்கிறது: 'எதுக்கும் வேண்டாம்.' அதற்கேற்ற பாடத்தைத்தான் அவளுக்கும் கொடுத்திருந்தார்.

ஆவணியில் ஒரு காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தது. அவர் காத்திருக்கவில்லை.

கருமாதியன்று அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். தேன்மொழி கேட்டது அவ்வளவுதான். நோட்டில் இருந்த மற்ற முப்பத்தொரு பேருக்கும் போன் செய்தாள். பல்லவிக்கு ஒன்பது பேர் கிடைத்தார்கள், சரணத்துக்குப் பதினான்கு பேர். ராஜதுரைக்குத் தலையாட்டல், மீதிப் பேருக்கு ஸ்வர வரிசையோடு சரி. அனுபல்லவிக்கு ஒருவரும் இல்லை. பதிவு செய்து வைத்ததும் இல்லை. அதையும் யாரும் கேட்டதில்லை.

இருப்பதை வைத்துத் தொடங்கினார்கள். சென்னம்மாள் எழுந்து, எதிரே இருந்த அந்த நாத்தனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பல்லவியை எடுத்தாள். இரண்டு முறை பாடி நிறுத்தினாள். கூட்டம் பாடிக்கொள்ளவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கரண்டு போயிருச்சாட்ட இருக்குது" என்றார் பின்னாலிருந்த அர்த்தனாரி.

யாரோ சிரித்தார்கள். தேன்மொழி தலை குனிந்துகொண்டாள்.

அப்போது முன்வரிசையில் ராஜதுரையின் தலை இறங்கியது. எட்டு எண்ணிக்கை கழித்து மறுபடியும். கண் மூடியிருந்தது, விரல் தொடையில் ஓடியது. சிரிப்பு அடங்கியது. மூன்றாவது முறை இறங்கியபோது தேன்மொழியின் விரலும் எண்ணிக்கொண்டிருந்தது. அனுபல்லவியின் நான்காவது சுற்றும் முடிய, அவர் கண்ணைத் திறந்து யுவராஜைப் பார்த்தார். கீபோர்டில் சரணம் அரை நொடிகூடப் பிசகாமல் விழுந்தது.

சோறு போடும்போது பார்த்தால் ராஜதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க பாடவே இல்லீங்களே, அழுவறீங்க?" என்றாள் சென்னம்மாள்.

"நடுவுலதாங்க ரொம்ப நல்லா இருந்துச்சு."

தேன்மொழி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அந்த நடுவுல எப்படிங்க போகும்?"

ராஜதுரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாடத் தெரியாது சாமி. ஆட்டிக் காட்டட்டுமா?"

"காட்டுங்க" என்றாள்.