குளம் என்றால் மைதானம்

திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு குளம் இருந்தது. அதில் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நான் பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் நின்று பார்த்ததில்லை. "குளத்துக்குப் போறேம்மா" என்றால் எங்கள் வீட்டில் ஆடப் போகிறேன் என்று அர்த்தம். நாலு பக்கமும் படிக்கட்டு எதற்குக் கட்டியிருக்கிறார்கள்? உட்கார்ந்து ஆட்டம் பார்க்கத்தான். நான்காம் வகுப்பில் குளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது அப்படித்தான் எழுதினேன். 'மழை பெய்தால் குளத்துக்குப் போக முடியாது' என்று ஒரு வரியும் சேர்த்தேன். டீச்சர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் திருதிருவென்று முழித்தோம்.

ஆடுகிற கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். ஆனால் மட்டை என்னுடையது, அதனால் முதல் பேட்டிங்கும் எனக்குத்தான். வீட்டில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் எனக்கு அந்தக் குளத்தில் மட்டும்தான் ராஜாங்கம்.

அந்த வருஷம், ஆட்டோ ஓட்டுகிற என் சித்தப்பாவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. எங்கள் வீட்டுக் கிணறு வறண்டு கிடந்தது. விடிந்தால் அம்மா குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுவாள். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"குளம் நெறஞ்சா கெணறு தானா ஊறும் அண்ணி. நீங்க இப்பிடி ஓடிக்கினு இருக்க வேணாம்" என்றார்.

தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு முள்ளை வெட்டினார், வண்டலை அள்ளினார், மழைத்தண்ணீர் வரும் வாய்க்காலைத் தோண்டினார். எங்கள் பிட்ச் போயே போயிற்று. தண்ணீரும் வந்துவிட்டால் மிச்சமும் போய்விடும்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்த சாக்கில் மண்ணை நிரப்பி, கூட ஆடுகிற இரண்டு பேரோடு இழுத்துப்போய், ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குப் போகிற குழாயில் திணித்தேன். திட்டம் முழுக்க என்னுடையதுதான்.

அந்த வாரமே ஐப்பசி மழை கொட்டியது. குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவுக்குத் திரும்பியது. தெருவிலேயே தாழ்வான வீடு எங்களுடையது. அடக் கடவுளே, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்! அம்மா அரிசிப் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "ஜல்தி போய் இன்னான்னு பாருப்பா!" என்று கத்தினாள். சித்தப்பா மழையில் ஓடினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

தொப்பலாக நனைந்து திரும்பியவரின் தலையில், மழைக்குப் போட்ட கொங்காணியாக, எங்கள் வீட்டு மல்லாட்டைச் சாக்கு. என்ன அடைத்திருந்தது என்று அம்மா கேட்டாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"குப்பைதான் அண்ணி. எங்கிருந்தோ அடிச்சிக்கினு வந்துருக்கு. ஒரே பேஜாரு" என்றார். இன்றுவரை அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

மூன்று நாளில் குளம் நிரம்பியது. நான் சோறு தின்னாமல் அழுதேன். சாயங்காலமானால் தெருவே படிக்கட்டில் வந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தது. கொக்கு வந்தது, நீர்க்காகம் வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள்கூட ஒரே படியில் உட்கார்ந்து பேசினார்கள். வெறும் தண்ணீரில் இவர்களுக்கு அப்படி என்னதான் தெரிகிறதோ என்று எனக்கு எரிச்சல்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது லாரியின் ஹாரன் கேட்டது. அம்மா ஓடவில்லை. கிணற்றடியில், இறைத்து நிறைத்த குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. காலை நேரத்தில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்லடி. சும்மாதான் குந்திக்கினு இருக்கேன்."

அம்மாவுக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்ல, பையைப் போட்டது போட்டபடி சித்தப்பாவின் ஆட்டோவைத் தேடி ஓடினேன்.