கூப்பிடு தூரம்

செயலாளரே, காதர் பாயைச் சாய்த்தது சர்க்கரை நோய் அல்ல. நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தாள்.

எங்கள் நடைக் குழு ஜவ்வாது மலைப் பள்ளத்தாக்கில் நடந்ததைப் பற்றிப் இந்தப் பத்திரிகையின் போன மாத இதழில் செயலாளர் எழுதியிருந்தார். பாய் விழுந்ததை 'ஓர் உறுப்பினரின் அலட்சியம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பாதையில் நடந்தவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

2006 ஜூன், சனிக்கிழமை காலை 5.15. பெருங்களத்தூரில் ஒன்பது பேர் திருவண்ணாமலை பஸ் ஏறினோம். டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். என் பக்கத்தில் குரோம்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் காதர் பாய். திருவண்ணாமலையிலும் போளூரிலும் பஸ் மாறி, மதியம் ஜமுனாமரத்தூர் சேர்ந்து, அங்கேயே தங்கினோம்.

ஞாயிறு காலை 6.30. எட்டுப் பேர் நடந்தோம். செயலாளர் சமையல் பாத்திரங்களோடு மறுபக்கச் சாலையில் ஜீப்பில் போனார். "சுமை வேணாம் சார், பையெல்லாம் வண்டியில போடுங்க" என்று எங்கள் பிஸ்கட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

பாதை சரிவில் வளைந்து வளைந்து போனது. ஒரு பக்கம் சாமைக் கொல்லை, மறுபக்கம் பள்ளம். மூன்று மணி நேரத்தில் நாங்கள் பார்த்தது இரண்டே குடிசை. இரண்டும் பூட்டிக் கிடந்தன.

"அஸ்தினாபுரத்துலேர்ந்து ஸ்டேஷனுக்குள்ள நாலு டீக்கடை, மச்சான். இங்க டீக்கடைய விடு, திட்டுறதுக்குக்கூட ஒரு ஆளு இல்லியே" என்றார் பாய்.

பகல் 12.00. செயலாளர் தந்த வழித் தாளில் அந்த இடத்துக்கு நேரே இருந்தது இது: 'இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அரை கிலோமீட்டரில், அத்திமரத்தூர். மதிய உணவு.' சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரையைப் பாய் அதை நம்பித்தான் போட்டார்.

12.50. ஊர் வரவில்லை. பாய்க்குக் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. "கடைய மூடிட்டியா?" என்று என்னைக் கேட்டார். பிறகு பாறை ஓரமாகச் சரிந்தார். எட்டுப் பேரிடமும் ஒரு மிட்டாய்கூட இல்லை.

எதிரே ஒரு பெண் தலையில் பலாப்பழத்தோடு வந்தார். நான் கத்தியதும் பழத்தை இறக்கிப் பிளந்தார். சுளையைப் பிசைந்து பாய் வாயில் வைத்தோம். நாலாவது சுளைக்குத்தான் கண் தெளிந்தது.

"அத்திமரத்தூர் எவ்ளோ தூரம்மா?"

"அதோ கீதே, கூப்புடு தூரம்தான்" என்று பள்ளத்துக்கு அந்தப் பக்க மலையைக் காட்டினார். அங்கே கூரைகள் தெரிந்தன. கையைக் குவித்து "ஓ..." என்று குரல் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் செயலாளரின் குரல்! "சீக்கிரம் வாங்க! சோறு ஆறுது!"

"நடந்தா எவ்ளோ நேரம்?"

"எறங்கி, ஓடை தாண்டி, ஏறணும். பொழுது சாய்ஞ்சிடும்ணா. கூப்டா கேக்கும், அவ்ளோதான்."

தாளைப் படித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதனவரு நடந்து பாக்கலியா?"

எங்கள் தாம்பரத்தில் கூப்பிடு தூரம் என்றால் செருப்பு மாட்டாமல் போய் வரலாம். மலையில் அது குரலுக்குத்தான் கணக்கு, காலுக்கு இல்லை. அங்கே ஒருநாள் நடந்தவனுக்குக்கூட இது தெரியும்.

மாலை 4.10. பாயைத் தாங்கிக்கொண்டு ஊர் சேர்ந்தோம். செயலாளர் சொன்னார்: "கூப்ட்டது கேட்டுச்சில்ல? அப்ப கூப்பிடு தூரம்தானே சார்?" நாலு பேர் சிரித்தார்கள். 'கூப்பிடு தூரம் என்று ஜீப் டிரைவர் முன்பே போனில் சொன்னதை அப்படியே எழுதினேன், அரை கிலோமீட்டர் என்பதை நானாகப் போட்டேன்' என்று செயலாளரே ஒப்புக்கொண்டார். ஊர் திரும்பியதும் பாயைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். காரணம், உடல் தகுதி இல்லையாம்.

அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியிலிருந்து இருபது பேர் அதே பாதையில் போகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்திருக்கும் தாளைப் பார்த்தேன். ஓர் எழுத்து மாறவில்லை.

செயலாளரே, அந்தப் பாதையில் நீங்கள் ஓர் அடியாவது நடந்தீர்களா? இல்லையென்றால் பாயை எந்த உரிமையில் நீக்கினீர்கள்? எனக்குப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். அந்த இருபது பேர் கிளம்புவதற்குள், இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.